அதிபரின் நோர்மன்கள்

"சொல்லு பிள்ளை! நான் சொல்லுறதை அப்பிடியே இங்கிலீசிலை அவருக்குச் சொல்லு!"

லண்டன் ஹரோவிலுள்ள அந்தப் பாடசாலையின் மண்டபத்தில் நகுலேஸ்வரி எழுந்து நின்றாள். மேடையோரம் நின்ற மகள் கோசிகா தலைகுனிந்தாள். அவள் அங்கே வரலாற்று ஆசிரியை. தமிழ்ப் பெற்றோர் பேசினால் மொழிபெயர்ப்பவளும் அவளே.

கிருஷ்ணராசா மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"இரு நகுலா. சனம் பாக்குது."

"பாக்கட்டும்! பிரவீணன் உங்கடையும் பிள்ளைதானே?"

நடந்தது சிறிய விடயமன்று. பொதுப் பரீட்சையில் மாணவர்கள் வரலாற்றுத் தாளைத் திறந்தபோது, அவர்கள் படித்த, பதினோராம் நூற்றாண்டில் இங்கிலாந்தை வென்று ஆண்ட நோர்மன் மன்னர்களின் காலத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. இந்த ஆண்டுக்கெனக் குறிக்கப்பட்டிருந்தது வேறொரு காலம். அவர்களது கடைசி மகன் பிரவீணனும் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வந்தவன்தான்.

மேடையில் பாடசாலை அதிபர் டொக்டர் ஹார்டிங் நின்றார். நோர்மன்களைப் பற்றி அவர் எழுதிய நூல்களைப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள்.

"தவறு என்னுடையது," என்றார். "அந்தக் காலத்தின்மீது எனக்கிருந்த பற்றினால் நானே அதைத் தெரிவுசெய்தேன். இன்றே பதவி விலகுகிறேன்."

"பற்றோ?" நகுலேஸ்வரியின் குரல் உயர்ந்தது. "செத்த ராசாக்களிலை இருக்கிற அக்கறை உயிரோடை இருக்கிற பிள்ளையளிலை இல்லை! தன்ரை புத்தகத்தை விக்கத்தான் இதைப் படிப்பிச்சவர். சொல்லு கோசிகா!"

கோசிகா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் இரண்டு முறை உடைந்தது. மண்டபம் கைதட்டியது.

"வரலாற்றைக் கரைச்சுக் குடிச்சவருக்கு இந்த வருசம் என்னெண்டு தெரியேல்லை!" என்று பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். "இனி ஒரு பள்ளிக்கூடமும் இவரை வாசலிலை அண்ட விடாது."

அதிபர் எல்லாவற்றையும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். கோசிகாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, பக்கக் கதவால் தனியே வெளியேறினார்.

காரில் ஏறியதும் கோசிகா விம்மி விம்மி அழத் தொடங்கினாள்.

"அந்தாள் விட்ட பிழைக்கு நீ ஏன் பிள்ளை அழுறாய்?" என்றார் கிருஷ்ணராசா.

"அவர் விடேல்லை அப்பா. பாடத்திட்டத்தைப் பார்த்தது நான். போன வருசத்துக் காலம்தான் இந்த வருசமும் எண்டு நினைச்சிட்டன். 'நீ இப்பதான் தொடங்குறாய், வாயைத் திறக்காதே' எண்டு சொல்லிப்போட்டு, எல்லாத்தையும் தன்ரை தலையிலை போட்டுக்கொண்டார்."

சாவியைத் திருப்பப் போன கிருஷ்ணராசா அதை உருவி எடுத்தார். ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் கட்டிய பெயர், அரை மணித்தியாலத்தில் மண்ணாகிவிட்டது.

"இறங்கு நகுலா," என்றார். "அறியாமல் பேசிப்போட்டம் எண்டு அந்த மனுசன்ரை கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேப்பம்."

நகுலேஸ்வரி சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"அறியாமலோ? நேற்றே இவள் எனக்குச் சொல்லிப்போட்டாள். அதுதான் அவளின்ரை வாயாலேயே அவரை ஏசுவிச்சனான். இனி ஆர் அவளைச் சந்தேகப்படப் போகினம்?"