நாற்பத்தொரு மார்க்

“ஹி செட் ஐ ஆம் டயர்ட்,” என்றார் மேனேஜர். நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றச் சொன்னால், மேற்கோள் குறியை மட்டும் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். உதவி மேனேஜரும் செக்‌ஷன் தலைவரும் அதே தப்பைப் பயபக்தியோடு திருப்பிச் சொன்னார்கள்.

டீச்சர் சோ-ஜங்குக்கு அழுகையே வந்தது. அந்த சியோல் கம்பெனியில் காலை ஏழு மணி இங்கிலீஷ் வகுப்பு அவள் பொறுப்பு. வெள்ளிக்கிழமைத் தேர்வில் ஒருவராவது அறுபது வாங்காவிட்டால் வகுப்பும் காலி, அவள் வேலையும் காலி.

போன தேர்வில் மேனேஜர் நாற்பது. உதவி மேனேஜர் முப்பத்தொன்பது, செக்‌ஷன் தலைவர் முப்பத்தெட்டு. கடைசி நாற்காலி குவாக் மட்டும் நாற்பத்தொன்று. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது, ஆபீஸ் வழக்கம் தெரியாத அப்பாவி என்று அவனுக்காகப் பரிதாபப்பட்டாள்.

இடைவேளையில் மேனேஜரே போய்க் காப்பி எடுத்து வந்தார். குவாக்கிடம் இரண்டு கையாலும் நீட்டி, “சூடா இருக்கு, பாத்துக் குடிங்க,” என்றார். மனுஷன் தங்கம், படிப்புதான் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் அவர் போன் பேசுவது காதில் விழுந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் போலிருக்கிறது. ‘நீங்கள் முன்னாடியே சொல்லியிருந்தால் சரக்கை நேற்றே அனுப்பியிருப்போம்’ என்று இங்கிலீஷில், ஒரு பிசிறில்லாமல் பொழிந்துகொண்டிருந்தார். இந்த ‘இஃப்’ வாக்கியத்தை அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரமாகத் தொண்டை வறண்டவள் அவள்.

பேசி முடித்தவரை வழிமறித்தாள். “இவ்ளோ நல்லா பேசறீங்களே சார். வகுப்புல மட்டும் ஏன் இப்படி?”

அவர் தலையைச் சொறிந்தார்.

“உங்களைத் தாண்டி மார்க் வாங்க இவங்க யாருக்கும் தைரியம் இல்ல. நீங்க எழுபது வாங்கினா இவங்களும் அறுபத்தொன்பது வரைக்கும் வந்துடுவாங்க. என் பொழப்பு உங்க கையில இருக்கு சார்.”

“என் கையில இல்ல டீச்சர். குவாக் கையில இருக்கு.”

“அவரா? அவர் நேத்து சேர்ந்தவராச்சே.”

மேனேஜர் வகுப்பறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“நம்ம சேர்மனோட மாப்பிள்ளை டீச்சர். அந்த நாப்பத்தொன்னு, அவர் நெஜமாவே ராப்பகலா படிச்சு வாங்கினது.”