தணிகைவேலின் இரண்டு வாக்குறுதிகள்

காலையில் மாநகராட்சிப் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், குடிசைகள் இருக்கும் இடத்தில் பெரிய பள்ளிக்கூடம் கட்டித் தருவதாக வேட்பாளர் தணிகைவேல் சொன்னார். மாலையில் அதே குடிசைகளுக்கு வந்து, பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தில் எல்லோருக்கும் மாடிவீடு என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. குடிசைகளிலிருந்து காலைக் கூட்டத்துக்குப் போயிருந்தவள் எஸ்தர் மட்டும்தான். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"பள்ளிக்கூடத்த இடிச்சா எங்களுக்கு வூடு, எங்க வூட்ட இடிச்சா பள்ளிக்கூடமா சார்? நடுவுல நாங்க எங்க போவோம்? புள்ளைங்க எங்க படிக்கும்?" என்று எஸ்தர் எழுந்து கேட்டாள்.

தணிகைவேல் சிரித்தபடியே மேடையிலிருந்து இறங்கி வந்து கைகூப்பினார்.

"நல்ல கேள்விம்மா. உங்க வீடு எது?"

அவருக்குப் பின்னால் வந்து நின்ற இரண்டு பேர் சிரிக்கவில்லை. எஸ்தர் பக்கத்தில் நின்ற மகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அதற்குள், தங்கள் தெருப் பெண்ணை வேட்பாளரே விசாரிக்கிறார் என்ற பெருமையில் அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் ஒன்றாகக் கைநீட்டினார்கள்.

"அதோ, அந்த நீலக் கதவு போட்டதுதான் தலைவரே!"