திரை முழுக்க

"இந்த டிஸ்க் வேண்டாம் சார். முதல்ல போட்டுக் குடுத்தீங்களே, அதே மாதிரி போட்டுக் குடுங்க."

அந்தப் பெண் இப்படிச் சொன்னதும் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. எந்த வீடியோவைக் கொண்டுவந்தாலும் டி.வி.டி. பிளேயரில் ஓடும்படி மாற்றித் தருவதில் பதினேழு வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். உண்மையில் தப்பு நடந்தது போன வாரம் கொடுத்த முதல் டிஸ்க்கில்தான். 'திரை முழுக்க' என்ற கட்டத்தில் கைதவறி டிக் விழுந்து, சதுரமாக எடுத்த படம் டிவியின் அகலத்துக்கு இழுபட்டுவிட்டது. டிஸ்க் கைமாறிய பிறகுதான் அவர் அதைக் கவனித்தார். அந்த வெட்கத்தில், அடுத்த வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்.

"ஓடலையாம்மா? உங்க பிளேயர் பழசு. போன்ல எடுத்ததை அப்படியே போட்டா முரண்டு பிடிக்கும். அதுக்குத் தோதாத்தானே மாத்தியிருக்கேன்?"

"ஓடுது. ஆனா வேண்டாம்."

இதென்ன வம்பு என்று அவர் டிஸ்க்கைத் தன் பிளேயரில் போட்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் பேசினான். "அம்மா, நான் நல்லா இருக்கேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு." குரல் உதட்டசைவோடு ஒட்டி வந்தது. ஓரங்கள் எங்கேயும் வெட்டுப்படவில்லை.

"கண்ணாடி மாதிரி இருக்கேம்மா! முதல் டிஸ்க்லதான் நான் சொதப்பிட்டேன். ஆளைத் தட்டிச் சப்பையாக்கின மாதிரி இருந்துச்சு. நீங்க எப்போ சண்டைக்கு வருவீங்களோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

"அதுதான் சார் வேணும்."

"தெரிஞ்சே தப்பாப் போடச் சொல்றீங்களே! நாலு பேர் பார்த்தா என் கடையைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நாலு பேர் பார்க்க மாட்டாங்க. எங்கம்மா மட்டும்தான் பார்ப்பாங்க." அவள் திரையிலிருந்த ஆளைக் காட்டினாள். "அது எங்க அண்ணன். தூரத்துல ஆஸ்பத்திரியில இருக்கான். யாரையும் உள்ளே விடுறதில்லை. அம்மா பச்சைத் தண்ணி பல்லுல படாமக் கிடந்தாங்க. போன்ல காட்டினா அவங்க கண்ணுக்குப் பிடிபடலை. டிவியில பெருசாப் பார்க்கட்டுமேன்னுதான் உங்ககிட்ட வந்தேன். முதல் டிஸ்க்கைப் பார்த்ததும், 'எம்புள்ள தேறிட்டான்டி, கன்னமெல்லாம் உப்பியிருக்கு'ன்னு சொல்லி அன்னைக்குத்தான் தட்டு முன்னாடி உக்கார்ந்தாங்க. இதை எப்படி சார் அவங்ககிட்ட காட்டுவேன்?"

கடைக்காரர் மறுபடியும் திரையைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அவர் படத்தின் ஓரங்களைப் பார்த்தாரே தவிர, முகங்களைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். கன்னங்கள் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, சட்டை ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.

"டாக்டர் என்னம்மா சொல்றார்?"

"கையை விரிச்சுட்டார் சார்."

அன்று கைதவறி விழுந்த டிக்கை இன்று கடைக்காரர் தெரிந்தே போட்டார். படம் மாறி முடிய அரை மணி நேரம் ஆனது. அதுவரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சரியாக இருந்த டிஸ்க்கை அவள் இரண்டாக ஒடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, தப்பான டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை, கடையைத் திறந்ததும் திறக்காததுமாக ஒரு வயதான அம்மாள் படியேறி வந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். நேற்று அந்தப் பெண் வாங்கிப்போன அதே டிஸ்க்.

"உறைமேல உங்க கடை விலாசம் இருந்துச்சு. இதுல இருக்கிறது எம்பையன். அவன் இருக்கிறபடியே எனக்கு ஒண்ணு போட்டுத் தரணும் தம்பி."

"இதுவே நல்லாத்தானேம்மா இருக்கு? பையனும் நல்லாத் தேறிட்டார் போலிருக்கே" என்று கடைக்காரர் மென்று விழுங்கினார்.

"அவன் குண்டாயிட்டான், சரி. அவனுக்குப் பின்னாடி சுவத்துல இருக்கிற வட்டக் கடிகாரமுமா தம்பி குண்டாகும்?"

கடைக்காரர் தலைகுனிந்து, அந்த டிக்கை எடுத்தார்.

"ஒரே ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துட்டு உங்ககிட்டயே குடுத்துடறேன். எம்பொண்ணு காதுக்கு மட்டும் போயிடக் கூடாது" என்றார் அந்த அம்மாள். "நான் ஏமாந்துட்டேன்னு நம்பித்தான் அவ ரெண்டு வாய் சாப்பிடுறா."