மூன்று முறை சொன்ன குரல்

"உங்களுக்குக் காது செவிடா, கேப்டன்?"

கேட்ட பிறகுதான் கொஞ்சம் அதிகப்படி என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் கோபம் தலைக்கேறிய பிறகு யார் அளந்து பேசுகிறார்கள்?

விமானியின் அறையில் எந்த எச்சரிக்கை கண்ணுக்கு வர வேண்டும், எது காதுக்கு, எது உடம்புக்கு என்று தீர்மானிப்பது அவள் வேலை. காதுக்கென்று மூன்று வருடம் மெனக்கெட்டு, இருநூறு குரல்களைக் கேட்டுக் கேட்டு ஒன்றைப் பொறுக்கி எடுத்திருந்தாள். இன்று காலை மாதிரி விமானத்தில் கடைசிச் சோதனை. "இடது எஞ்சினில் தீ" என்று அந்தக் குரல் மூன்று முறை சொன்னது. இந்த மனிதரோ பிடித்துவைத்த பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் எரிந்தே போய்விட்டது, நல்லவேளை, திரையில்தான்.

"சத்தியமா கேக்கல மேடம்," என்றார் கேப்டன். "பக்கக் காத்து தள்ளுது, ஓடுபாதை கண்ணு முன்னால ஆடுது. அந்த நேரத்துல காது அடைச்ச மாதிரிதான். சீட்டைக் கொஞ்சம் அதிர வைங்கன்னு ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன்."

அதிரும் இருக்கை. முதல் வடிவத்தில் இருந்த அதை வேண்டாத சுமை என்று பிடுங்கிப் போட்டவளே அவள்தான். இப்போது திரும்ப வைத்தால், தன் குரல் தோற்றது என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"என் தம்பியும் பரீட்சையில கோட்டை விட்டுட்டு வந்து, அந்தக் கேள்வி தாள்லயே இல்லக்கான்னு சாதிப்பான். காது இருக்கறவன் யாரும் அந்தக் குரலைத் தவறவிட முடியாது, கேப்டன்."

கணினிப் பக்கம் நாற்காலியைத் திருப்பி அறிக்கையைத் தட்ட ஆரம்பித்தாள். குரலில் குறை ஏதும் இல்லை. விமானியின் செவித்திறன் சந்தேகத்துக்குரியது.

அந்த வரியைப் பார்த்ததும் கேப்டனின் முகம் வெளுத்தது. அது மேலே போனால் நாளையே என்னைத் தரையில் உட்கார வைத்துவிடுவார்கள், இருபத்தாறு வருடமாகப் பறக்கிறேன், போன மாதம்தான் காதுப் பரிசோதனையில் தேறினேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. தன் மூன்று வருடத்தை ஒரே காலையில் குப்பையில் போட்டவரிடம் என்ன இரக்கம்?

விரல்கள் விசைப்பலகையில் பொரிந்து தள்ளின. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இரண்டு பொறியாளர்கள் அவசரமாக எழுந்தார்கள். ஒருவன் அவளைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினான். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை, அதற்குள் சாப்பாட்டுக்குப் பறக்கிறார்கள். வரட்டும், அவர்களுக்கும் இருக்கிறது கச்சேரி. கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுக் கண்ணைக் குத்தியது. போகிறவர்கள் அதைக்கூட அணைக்கவில்லை.

கேப்டன் வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவர் உதடு அசைவது கடைக்கண்ணில் தெரிந்தது. கெஞ்சுகிறார், கெஞ்சட்டும். மறுபடியும் அசைந்தது, அப்புறம் இன்னொரு தரம். பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தாள்.

தெளிவாக மூன்று முறை சொல்லியும் காதில் வாங்காத ஒருவரை விமானத்தில் உட்கார வைப்பது ஆபத்து என்று முடித்தாள். ஒருமுறை படித்தாள். திருப்தியாக இருந்தது. அனுப்பும் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனாள்.

நாற்காலி கிடுகிடுவென்று ஆடியது. பல்லோடு பல் மோதியது. கேப்டன் இரண்டு கையாலும் நாற்காலியின் முதுகைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். என்ன திமிர் என்று சீறித் திரும்பினாள்.

"கீழே பேட்டரி ரூம்ல புகை. எல்லாரும் வெளியே போயாச்சு, நாம ரெண்டு பேர்தான் பாக்கி," என்றார் அவர். "மூணு தரம் சொல்லிட்டேன் மேடம்."

அப்போதுதான், தலைக்கு நேர் மேலே இவ்வளவு நேரமும் காது கிழிய அலறிக்கொண்டிருந்த தீ மணி அவளுக்குக் கேட்டது.