வெள்ளைக் கட்டம்

தணிக்கை அதிகாரி மறுத்த கட்டுரையின் இடத்தை எங்கள் நாளிதழில் காலியாக விட்டு, அடியில் எழுதியவரின் பெயரை மட்டும் அச்சிடுவோம். அந்த வாரம் தொடர்ந்து மூன்று நாள் இன்பசேகரன் பெயர்தான். எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவன். டீக்கடைக்காரர் அந்த வெள்ளைக் கட்டத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். வீட்டில் என் மனைவி கோமளவல்லியும் நாளிதழை விரித்து அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"என்னமா எழுதியிருப்பாரு!" என்றாள்.

பக்கத்திலேயே ஒரு சொல்கூடக் குறையாமல் என் கட்டுரை இருந்தது. அதன்மேல் காபி டம்ளரை வைத்தாள்.

 பதினோரு வருடமாக அடக்கிவைத்த அத்தனையையும் அன்றே எழுதி, அதிகாரியிடம் நானே கொண்டுபோனேன். அவர் என் பெயரைப் பார்த்தார். முதல் தாளைக்கூடப் புரட்டாமல் அனுமதி முத்திரையைக் குத்தினார்.

"படிச்சுப் பாருங்க சார்," என்றேன்.

"எதுக்கு? உங்களுது எப்பவும் சரியாத்தானே இருக்கும்."

பிறகு மேசையிலிருந்த இன்பசேகரனின் தாள்களைக் கசங்காமல் மடித்து, வீட்டுக்குக் கொண்டுபோகும் பையில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.