கூரைமேல் புகை

கதவு படபடவெனத் தட்டப்பட்டது. கசானின் தாய் விதாத் திறந்தாள். லெபனான் மலையின் கொட்டும் பனியில், காய்ச்சல் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு நுஹாத் நின்றாள்.

"கசான் அம்மா, உங்க வீட்டுப் புகையைப் பார்த்துட்டுத்தான் ஓடி வந்தேன். இன்னிக்கு மட்டும் இவனை உங்க அடுப்புப் பக்கத்துல படுக்க வைக்கணும்."

"உங்க வீட்டுலயும்தான் தினம் புகை வருதே. அடுப்பு எரிக்க டீசல் வாங்கின கையோட பவுனும் வாங்கியிருப்பீங்கன்னு ஊரே பேசுது."

"டீசலா? விக்கிற விலைக்கு மோந்துகூடப் பார்க்க முடியாது. விறகும் கிடைக்கல, எரிக்கிற ஆலிவ் சக்கைக் கட்டியும் தீர்ந்துபோச்சு." நுஹாத் தலைகுனிந்தாள். "சாயங்காலமானா ஒரு பழைய செருப்பைக் கொளுத்துவோம். வீடு சூடாகாது. புகை தெரிஞ்சா யாரும் பரிதாபப்பட மாட்டாங்கன்னுதான். இன்னிக்குச் செருப்பும் இல்ல."

விதாத் வழிவிட்டாள். உள்ளே வந்த நுஹாத், குழந்தையைக் கீழே விடாமல் இரும்பு அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். கை சுடவில்லை. கருகிய ரப்பர் நாற்றம்தான் வந்தது.

விதாத் மெல்லச் சொன்னாள்.

"உங்க புகையைப் பார்த்துத்தான் நாங்களும் செருப்பு கொளுத்த ஆரம்பிச்சோம், நுஹாத்."