பதினொரு கிலோபைட் மூச்சு

போன வருடம் மருத்துவமனைச் செயலிக்கு எந்த அனிமேஷன் கருவி என்று மேலாளர் கேட்டபோது, இருப்பதிலேயே லேசானதைத் தேர்ந்தெடுத்தவள் ஜெசிந்தாதான். தீவிர சிகிச்சையில் இருப்பவரை அது வீட்டாரின் போனில் பதினொரு கிலோபைட்டில் கோட்டோவியமாக்கும். அவர் மூச்சுக்கேற்ப ஓவியத்தின் மார்பு ஏறி இறங்கும்.

"சிக்னல் போனா படம் நிக்கக் கூடாது சார், வீட்ல பயந்துருவாங்க. கடைசியா வந்த மூச்சையே திரும்பத் திரும்ப ஓட்டிரலாம்" என்றாள்.

இன்று தூத்துக்குடி விமானத்தில், ஃப்ளைட் மோடில் இருந்த அவள் போனில், தீவிர சிகிச்சையில் இருக்கும் அப்பா சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து இருக்கைப் பெண்மணி எட்டிப் பார்த்தார். "அப்பாவா? நல்லாத்தானே மூச்சு விடுறாரு, கவலப்படாதம்மா."

"ஆமாக்கா."

விமானம் தரையிறங்கியது. சுற்றிலும் போன்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கின. ஜெசிந்தா ஃப்ளைட் மோடை அணைக்கவில்லை.